காஞ்சனபுரியில் ஒரு வாரிசு விசாரணை

வெளிநாடு போகும் ஆசை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. முப்பத்து நாலு வருஷம் வருவாய்த் துறையில் இருந்து, வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். கறம்பக்குடியில் வேலை பார்த்த காலத்தில் புதுக்கோட்டைக்குப் போய்வருவதற்கே முன் அனுமதி எழுதி வாங்கியவன். அப்படிப்பட்டவன் அறுபத்தெட்டு வயதில் தாய்லாந்துக்குப் போனதற்குக் காரணம் என் தங்கை ஜெசிந்தாவும், அவள் கொன்றுபோட்ட எங்கள் பெரியப்பாவும்தான்.

ஜெசிந்தா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகச் சர்க்கரை நோயை வளர்ப்பார்கள். இவள் நாவல் எழுதினாள், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்கு. கதை எங்கள் பெரியப்பா சவரிமுத்துவுடையது. ஆவூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து தாத்தாவோடு மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர் அவர். யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் தோட்டத்து ஆட்களைச் சரக்கு ரயிலில் அடைத்து, இன்று தாய்லாந்து என்கிற சயாமின் காட்டில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பெரியப்பாவுக்கு அப்போது பதினைந்து வயது. யுத்தம் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பிய இரண்டு பேர், அவரைக் காலராக் கொட்டகையில் போட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தக் கொட்டகைக்குள் போனவர் எவரும் நடந்து வெளியே வந்ததில்லையாம். தாத்தா ஊருக்கு வந்து பூசை வைத்தார். கல்லறைத் தோட்டத்தில் கீழே ஆளில்லாத ஓர் இரும்புச் சிலுவையை நட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் பெரியப்பாவுக்கு ஒரு மெழுகுவத்தி தவறியதில்லை.

நாவலின் கடைசி அத்தியாயத்தில் சவரிமுத்து கொட்டகையில் சாகிறான். ஜெசிந்தா அதை அழுதுகொண்டே எழுதினாள். திருச்சியில் பக்கம் கட்டி முடித்து, அச்சுக்குப் போக இருந்த நேரத்தில் காஞ்சனபுரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெயர் குணா. மலேசியத் தமிழர், தாய்லாந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர். ஒரு சிறுவர் மாத இதழில் வந்திருந்த முதல் அத்தியாயத்தைக் கைபேசியில் படித்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த சோம்ஸ்ரீ என்ற பெண்மணியின் தகப்பனார் ரயில் பாதை வேலைக்கு வந்த தமிழராம். பதினாலு வருஷம் முன்புதான் இறந்தாராம். மகளிடம் அவர் விட்டுப்போன விவரம் இரண்டே சொல்: சவரி, ஆவூர்.

ஆவூரைச் சுற்றி சவரி என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மலாயாவுக்குப் போனவர்களிலேயே எத்தனை சவரியோ. இதைச் சொன்னேன். ஜெசிந்தா கேட்கவில்லை.

“அண்ணே, அவரு பொழச்சிருந்தா, நான் உசுரோட இருந்த மனுசன கொன்னுருக்கேன்.”

“நாவல்தானேம்மா.”

“முன்னுரையில உண்மைக் கதைன்னு எழுதியிருக்கேன். புள்ளைங்க நம்பிப் படிக்கும். அச்சடிக்கிறத நிறுத்தி வச்சிருக்கேன். நீதான் வந்து விசாரிக்கணும். ஒனக்குத்தான் யாரையும் நம்பத் தெரியாது.”

என் பணிக்காலத்தில் கிடைக்காத பாராட்டு. கிளம்பினேன்.

விமான நிலையத்தில் வருகைப் படிவத்தை எல்லாக் கட்டத்திலும் எழுதிக் கொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வந்த நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா, வணிகம், கல்வி எல்லாம் இருந்தன. வாரிசு விசாரணை இல்லை. மனச்சாட்சிக்கு விரோதமாகச் சுற்றுலா என்று குறித்தேன். அதிகாரி படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். இந்த நாடு எப்படி நடக்கிறது என்று கவலையாக இருந்தது. நன்றாகவே நடக்கிறது என்று வெளியே வந்ததும் தெரிந்தது.

காஞ்சனபுரியில் முதல் நாள் காலை கஞ்சி கொடுத்தார்கள். எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்கு ஊற்றுவதை இங்கே விடுதியில் அலங்காரமாக, மேலே வறுத்த பூண்டும் இஞ்சியும் தூவி, நடுவில் ஒரு பன்றிக்கறி உருண்டையோடு வைக்கிறார்கள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். ஜெசிந்தா ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பருப்புப் பொடியைத் தூவி ருசி பார்த்துவிட்டு, “இதுக்கு நம்ம நார்த்தங்காதான் சரி” என்றாள். பரிமாறிய பெண் பொடியைக் கொஞ்சம் கேட்டு வாங்கிப்போனாள். சமையலறையிலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தன.

குணா எட்டு மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், வழுக்கை, ஓயாத பேச்சு. “பசியாறிட்டீங்களா ஐயா?” என்று கேட்டார். மலேசியாவில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்பார்களாம். சோம்ஸ்ரீ பேரனைப் பார்க்கப் பாங்காக் போயிருப்பதாகவும், மூன்றாம் நாள்தான் திரும்புவதாகவும் சொன்னார். மனுதாரர் விசாரணைத் தேதியில் ஆஜராகாதது எனக்குப் புதிதல்ல.

ஆகையால் ஊர் சுற்றினோம். நதிமேல் பாலம் இருக்கிறது. எத்தனை உயிரை விழுங்கிய பாதை என்பதற்கு அங்கே ஒரு தடயமும் இல்லை. ஐஸ்கிரீம் விற்கிறார்கள், யானைப் படம் போட்ட கால்சட்டை விற்கிறார்கள். ஜோடிகள் தண்டவாளத்தில் படுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், ரயில் வந்தால் சாவகாசமாக ஒதுங்குகிறார்கள். பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைக்குப் போனோம். வெட்டிய புல், வரிசை பிசகாத கல், ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, படைப்பிரிவு. ஆவணப் பராமரிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. அப்படி நேர்வது அபூர்வம்.

“நம்ம ஆளுங்க எங்க?” என்றாள் ஜெசிந்தா.

குணா எங்களை ஒரு பௌத்தக் கோயிலின் இடுகாட்டுக்கு அழைத்துப்போனார். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தூபி. காட்டில் தோண்டத் தோண்டக் கிடைத்த எலும்புகளைக் கொண்டுவந்து அதன் கீழே போட்டிருக்கிறார்கள் என்றார். பெயர் ஒன்றுகூட இல்லை. எங்கள் தாலுகாவில் செத்துப்போன மாட்டுக்குக்கூடச் சான்றிதழ் உண்டு. ஜெசிந்தா மெழுகுவத்தி ஏற்றினாள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள். நான் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் குணாவுக்குப் பள்ளிக்கூடம். நாங்களே அந்தப் பழைய பாதையில் ரயிலில் போய்வரத் துணிந்தோம். மர இருக்கை, திறந்த ஜன்னல், கூடையில் பலகாரம் விற்கும் பெண்கள். காரைக்குடிப் பாசஞ்சரில் ஏறியது போலவே இருந்தது. மலையை ஒட்டி, மரச் சட்டத்தின்மேல், ஆற்றுக்கு உயரே ரயில் ஊர்ந்தபோது வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். “நான் ஒக்காந்த எடத்துல இருந்தே எழுதிட்டேண்ணே. பாறை இவ்வளவு கறுப்பா இருக்கும்னு தெரியாம போச்சு” என்றாள். பிறகு வாழை இலையில் சுட்ட ஒட்டரிசி வாங்கினாள். உள்ளே வாழைப்பழமும் கறுப்பு மொச்சையும். நாங்கள் ஆளுக்கு மூன்று தின்றோம். துக்கம் பசியைக் கெடுக்கும் என்பது எங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது.

திரும்புகையில் பிக்கப் வண்டியில் ஏறினோம். பின்னால் இரண்டு நீள பெஞ்சு போட்டுக் கூரை வேய்ந்த வண்டி, நம் ஷேர் ஆட்டோ மாதிரி. உள்ளே வியர்த்துக் கொட்டியது. கூரையில் ஒரு பொத்தானைப் பார்த்து, காற்றாடி என்று அழுத்தினேன். வண்டி நின்றது. யாரும் இறங்கவில்லை. மறுபடி கிளம்பியது. காற்று வரவில்லையே என்று மறுபடி அழுத்தினேன். மறுபடி நின்றது. நாலாம் முறை ஓட்டுநர் இறங்கி வந்து எல்லார் முகத்தையும் பார்த்தார். எதிரே முட்டைத் தட்டை மடியில் வைத்திருந்த கிழவர் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல, வண்டியே குலுங்கச் சிரித்தது. அவர் சொன்னதை மறுநாள் குணாவிடம் ஒப்பித்துக் காட்டினேன். “‘பாவம், இறங்க ஆசை, தைரியம் வரல’ன்னு சொல்லியிருக்காரு லா” என்றார், பேச்சின் கடைசியில் ‘லா’ போடும் மலேசியப் பழக்கத்தில்.

மூன்றாம் நாள் சோம்ஸ்ரீ வீட்டுக்குப் போனோம். நகரத்திலிருந்து ஒரு மணி நேரம், கரும்பும் மரவள்ளியும் தாண்டி. கட்டைக் கால்கள்மேல் உயர்ந்து நிற்கும் மரவீடு, கீழே ஊஞ்சல், நாலு நாய். சோம்ஸ்ரீக்கு அறுபதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மாநிறம், குட்டை, தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். கைகூப்பினார். பிறகு ஜெசிந்தாவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அலமாரியில் ஒரு கிழவரின் படம், முன்னால் ஊதுவத்தி.

“அண்ணே, மூக்கப் பாரு. அப்பா மூக்கு.”

“மூக்கு சாட்சி ஆகாது” என்றேன். “நீ பேசாம இரு.”

நோட்டைத் திறந்தேன். வாரிசு விசாரணைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஆவணம். பிறகு மனுதாரர் வாக்குமூலம், அப்புறம் அக்கம்பக்கம். ஆவணம் என்று அவர் எடுத்துவந்தது ஒரு தாய்லாந்து அடையாள அட்டை. பெயர் உள்ளூர்ப் பெயர், பிறந்த ஆண்டு யாரோ உத்தேசமாகப் போட்டது. பெற்றோர் பெயர் இல்லை. பணியில் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே தள்ளுபடி செய்திருப்பேன்.

“தகப்பனார் ஊரைப் பற்றி என்ன சொல்வார்?”

குணா மொழிபெயர்த்தார். “ரொம்பப் பேச மாட்டாராம். ஊருல தண்ணி இல்லன்னு மட்டும் சொல்வாராம்.”

இது புதுக்கோட்டை மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும்.

“சிலுவை போடுவாரா?”

“சாப்பிடுறதுக்கு முன்னால போடுவாராம். கையாலதான் சாப்பிடுவாராம்.”

“பாதி உலகம் போடும், மீதி உலகம் கையால் சாப்பிடும். ஏன் வீட்டுக்குக் கடிதம் போடவில்லை?”

சோம்ஸ்ரீ நீளமாகப் பதில் சொன்னார். “ஒரே ஒரு தடவை ஆளப் பிடிச்சு எழுதச் சொன்னாராம். ஊர் பேரு, அப்பா பேரு, இந்தியா. அவ்வளவுதான் முகவரி. பதில் வரல. வீட்டுல எல்லாரும் செத்துப்போயிருப்பாங்கன்னு நெனச்சுட்டாராம்.”

தபால் நிலையம் இல்லை, தாலுகா இல்லை. அந்தக் கடிதம் எந்த ஊரில் எந்த மூட்டையில் மக்கியதோ. முகவரியில் தாலுகா எழுதாதவர்கள்மேல் எனக்கு எப்போதும் கோபம் வரும். அன்று வரவில்லை.

அந்த அம்மாளுக்கு என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்திருக்க வேண்டும். கேட்காமலேயே, தன் தகப்பன் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லத் தொடங்கினார்.

காலராக் கொட்டகையில் எல்லாரும் செத்துக்கொண்டிருந்தபோது பையனுக்கு மட்டும் எப்படியோ வயிறு நின்றுவிட்டது. தொற்றுக்குப் பயந்து காவலாளிகள் கிட்டே வருவதில்லை. ஒருநாள் விடியலில் எழுந்து நடந்தான், அவ்வளவுதான். யாரும் துரத்தவில்லை, ஆனால் துரத்துவார்கள் என்றே நினைத்து இரண்டு நாள் காட்டில் நடந்தான். காடு முடிந்து வயல் வந்தது. அங்கே ஒரு வரப்பு உடைந்து, தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

“நின்னுட்டாராம் ஐயா” என்றார் குணா. “பின்னால ஜப்பான்காரன் வரான்னு நெனப்பு. வயித்துல சோறு இல்ல. இவரு நின்னு, வரப்ப அடைச்சுக்கிட்டு இருந்திருக்காரு! சோம்ஸ்ரீயோட அம்மாவப் பெத்த தாத்தா, யாரோ தண்ணி திருடுறான்னு அருவாளத் தூக்கிட்டு வந்திருக்காரு. பாத்தா, எலும்பும் தோலுமா ஒரு பையன், உடைப்ப அடைக்கிறான். என்ன பண்றதுன்னு தெரியாம ஒக்காந்து சிரிச்சாராம். அப்புறம் சோறு. அப்புறம் இங்கேயே.”

ஜெசிந்தாவின் நாவலில் பையனுக்கு ஒரு வீரமான தப்பியோட்டம் இருக்கிறது. நிலா வெளிச்சம், மூங்கில் தெப்பம், துப்பாக்கிச் சூடு. அது தோற்றுப் பிடிபட்ட பிறகுதான் காலரா. அவள் இப்போது வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நான் எழுதுவதை நிறுத்தினேன். ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்த தஞ்சாவூர்க்காரனாக இருந்தால் அந்த உடைப்பைத் தாண்டிக் குதித்து ஓடியிருப்பான். ஓடுகிற தண்ணீரைப் பார்த்து உயிர்ப்பயம் மறந்து நிற்பது எங்கள் பக்கத்துக் கிறுக்கு. ஜெசிந்தாவின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்க, அப்பா முழங்கால் சேற்றோடு வந்து நின்றார். வழியில் எவனுடைய வயலிலோ மடை உடைந்திருந்ததாம்.

ஆனாலும், ஊர் பொருந்துகிறது, ஆள் பொருந்தவேண்டுமே? ஆவூர்ப் பக்கத்துக் கிறுக்கர் எங்கள் பெரியப்பா ஒருவர்தானா? இதைச் சொன்னதும் ஜெசிந்தா என்னை முறைத்தாள்.

“நீ ரிட்டயர்டு ஆகியும் திருந்தல.”

மத்தியானம் மீன் குழம்பு, பப்பாளிக்காயை மிளகாயோடு உரலில் இடித்த ஒன்று, ஒட்டரிசிச் சோறு. அந்தப் பப்பாளி வாயில் பட்டதும் என் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. சோம்ஸ்ரீ நான் மனம் இளகி அழுவதாக நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார். மறுக்கவில்லை. மீண்டும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.

கல்லறைத் திருநாள் மெழுகுவத்தியைப் பற்றி ஜெசிந்தா அப்போதுதான் சொன்னாள், குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. உயிரோடு இருந்தவருக்கு அத்தனை வருஷம் செத்தவர் ஜெபம் சொல்லியிருக்கிறோம் என்று. குணா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். சோம்ஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தார்.

“‘அதான் அந்தக் கிழவரு சாகாம அவ்வளவு நாள் இருந்தாரா’ன்னு கேக்குறாங்க.”

அன்று அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். நாலாம் நாள் காலை வயலைப் பார்க்கப் போனோம். எங்கு பார்த்தாலும் தண்ணீர். இவ்வளவு தண்ணீரை இவ்வளவு அலட்சியமாக வைத்திருப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவே இருந்தது. ஒரு வரப்பில் நண்டு வளையிட்டு, விரல் கனத்துக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சோம்ஸ்ரீ பேச்சை நிறுத்தாமலே செருப்பைக் கழற்றி உள்ளே இறங்கினார். கொஞ்சம் தழையைப் பிடுங்கி வளைக்குள் திணித்தார். இரண்டு கை சேற்றை அள்ளி அப்பினார். பிறகு உடைப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். நின்று, வலது குதிங்காலால் பின்பக்கமாக உதைத்து உதைத்து மிதித்தார்.

நான் வரப்பின் விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தேன்.

உலகத்தில் யாரும் அப்படி வரப்பு மிதிக்கமாட்டார்கள். உடைப்பைப் பார்த்து நின்று முழுப் பாதத்தால் மிதிப்பார்கள். எங்கள் தாத்தா மலாயாவுக்குப் போகுமுன் ஊர்க் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று திறந்து அடைக்கிறவர். சின்ன வயதில் மண்வெட்டி பட்டு அவருக்கு வலது காலில் மூன்று விரல் போய்விட்டது. விரலை ஊன்ற முடியாமல், திரும்பி நின்று குதிங்காலால் மிதிப்பார். பார்த்துப் பழகிய மகன்கள் அதுதான் முறை என்று நினைத்துவிட்டார்கள். பத்து விரலும் நன்றாக இருந்த எங்கள் அப்பாவும் கடைசிவரை அப்படியே மிதித்தார். கோழி கிளறுவது மாதிரி என்று ஊரே கேலி செய்தது.

“ஏன் இப்படித் திரும்பி நிற்கிறீர்கள் என்று கேளுங்கள்” என்றேன்.

குணா கேட்டார். “அப்பா இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாராம். இந்த ஊர்க்காரங்களும் சிரிப்பாங்களாம். என்ன காரணம்னு அவங்களுக்குத் தெரியாதாம்.”

அந்தக் காரணத்தை நான் சொன்னேன், மண்வெட்டியிலிருந்து. சொல்லி முடிக்கும்வரை சோம்ஸ்ரீ சேற்றிலிருந்து ஏறவில்லை. தன் வலது காலைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஜெசிந்தா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக, “போச்சுண்ணே, கடைசி அத்தியாயம் மொத்தமும் போச்சு. தெப்பமும் போச்சு” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக ஓர் எழுத்தாளர் எழுதியதைத் தொலைத்து நான் பார்த்ததில்லை. உடனே கைபேசியில் அச்சகத்தைக் கூப்பிட்டு, முப்பது பக்கத்தை எடுத்துவிடச் சொன்னாள். மறுமுனையில் இருந்தவர் கத்தியது எனக்கே கேட்டது. “அவன் சாகலப்பா, நான் என்ன செய்ய?” என்று சொல்லி வைத்துவிட்டு, சோம்ஸ்ரீயிடம் முதல் நாள் அவருக்கு என்ன சோறு போட்டார்கள், தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவாமலே நோட்டைப் பிரித்தேன். பெண்கள் இருவரும் அடுப்படியில். குணா ஊஞ்சலில். என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்: ‘நேரடிக் கள ஆய்வில், மேற்படி சவரிமுத்து என்பவர் யுத்த காலத்தில் இறக்கவில்லை என்பதும், பிழைத்து இவ்வூரில் வாழ்ந்து முதுமையில் காலமானார் என்பதும், மனுதாரர் திருமதி சோம்ஸ்ரீ அன்னாரின் மகள் என்பதும் ஐயமற நிறுவப்படுகிறது.’ இடம், தேதி போட்டேன். கையெழுத்துப் போடப் போனபோது கை நின்றுவிட்டது.

ஜெசிந்தா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “என்னண்ணே, மறுபடியும் சந்தேகமா?”

“சந்தேகம் இல்லம்மா. ஆனா இந்த விசாரணை செல்லாது.”

“என்னது?”

“விசாரிக்கிற அலுவலரு மனுதாரருக்குச் சொந்தக்காரரா இருக்கக் கூடாது. அப்படித் தெரிஞ்சா அந்த எடத்துலயே வெலகி, வேற ஆளுக்கு மாத்தி விட்றணும். இது சித்தப்பா மகன் விசாரிச்ச கேசு. நான் அவங்களுக்கு அண்ணன் முறை. கையெழுத்துப் போட எனக்குத் தகுதி இல்ல.”

ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். சோம்ஸ்ரீ எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, கவலையோடு குணாவிடம் கேட்டார். குணா அதை அவர்கள் மொழியில் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. சோம்ஸ்ரீ முழுக்கக் கேட்டார். என் கையிலிருந்த பேனாவை எடுத்து, மூடி போட்டு, என் சட்டைப் பையில் செருகினார். போகிறபோக்கில் ஏதோ சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார்.

“என்ன சொல்றாங்க?” என்றேன்.

“‘அண்ணன்னா காலக் கழுவிட்டு வந்து ஒக்காரட்டும், சோறு ஆறுது’ன்னு சொல்றாங்க ஐயா.”